பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கருத்து

இன்று காலை ஒரு மெஷின் என்னிடம் கருத்துக் கேட்டது.

பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால், பதிவுசெய்து வைத்த ஒரு பெண் குரல், நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று மலாயில் விசாரிக்கிறது. மிகவும் நல்லது என்றால் ஐந்தை அழுத்து, மிகவும் மோசம் என்றால் ஒன்றை அழுத்து. என் கை முழுக்க ஈரம். “இரு லா, கைய தொடச்சிக்கிறேன்” என்றேன். மெஷினைப் போய் இரு என்கிறேன் பார். அது இருக்கவில்லை. என் வீட்டில் எத்தனை பேர் என்று அது கேட்டதற்கு நான் தாமதமாக அழுத்திய இரண்டு, அடுத்த கேள்வியில் போய் விழுந்தது. வீட்டில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காக, இந்த நாட்டின் எதிர்காலம் ‘மோசம்’ என்று எங்கோ பதிவாகியிருக்கும்.

போனை வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். பிறகு இதைச் சொல்ல உன்னைக் கூப்பிட வேண்டும் என்று போனை மறுபடி எடுத்தேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டது மலாக்கா டவுனில் ஒரு ஹோட்டலின் மாடியறையில். இரண்டு நாள் பயிற்சி. இருபது வருடம் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நான், அந்தத் தொழிற்சாலை மூடியதும் வந்திருந்தேன். நீ அலோர் காஜாவில் வீடு வீடாகப் போய்ச் சாப்பாட்டு டப்பாக்கள் விற்றுக்கொண்டிருந்தாய். “நான் மூடி செக் பண்ணேன்” என்று சொன்னதும், “அப்ப இறுக்கமா மூடாத மூடியெல்லாம் உன் வேலதானா?” என்று கேட்டாயே, அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

பயிற்சி கொடுத்தவர் ஜெயரத்தினம் சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சட்டையின் இஸ்திரி மடிப்பைத் தொட்டால் கை வெட்டும் என்று நீ சொல்வாய். கோலாலம்பூரிலிருந்த கருத்துக்கணிப்புக் கம்பெனிக்கு மலாக்கா மாநிலத்தில் அவர்தான் மேற்பார்வையாளர். வேலையை அவர் விளக்கினார். உலகத்தில் பல நாடுகளில், ஒரே மாதத்தில், ஒரே கேள்விகளை வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். நாடு எப்படிப் போகிறது, குடும்ப நிலைமை எப்படி, இன்னும் ஒரு வருடத்தில் எப்படி இருக்கும், பெரிய சாமான் வாங்க இது நல்ல நேரமா. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, எந்த நாட்டு மக்கள் தைரியமாக இருக்கிறார்கள், எந்த நாட்டு மக்கள் பயந்துபோயிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

கேள்வித்தாளின் தமிழ்ப் பிரதியில் முதல் பக்கத்திலேயே ‘நுகர்வோர் நம்பிக்கை’ என்று இருந்தது. நீ கையைத் தூக்கினாய். வாயில் கறிபாப் பலகாரம்.

“சார், நுகர்வோர்னா மோந்து பாக்கிறவங்களா?”

அறையே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. “சாமான் வாங்கிற ஆக்கள்.”

“வாங்குறவங்கன்னே போட்டிருக்கலாமே சார். தோட்டத்துல போய் நுகர்வோர்னு சொன்னா, வீட்டுல என்ன நாத்தம்னு கேக்க வந்திருக்கோம்னு நெனச்சிக்குவாங்க.”

“அம்மா, எழுதியிருக்கிறதை அப்பிடியே வாசிங்கோ. ஒரு சொல்லை மாத்தினாலும் அது வேற கேள்வி.”

அவருடைய சட்டங்கள் உனக்குப் பெரிய சோதனை. விளக்கம் சொல்லக் கூடாது. பதில் வரும்போது ‘ஆமா’, ‘கரெக்ட்டு’ என்று சொல்லக் கூடாது. தலையாட்டக் கூடாது. பேச்சுக் கொடுக்காமல் உன்னால் ஒரு டப்பா மூடியைக்கூட விற்றிருக்க முடியாது. எதிரே யார் எதைச் சொன்னாலும் உன் தலை தானாக ஆடும். ஒத்திகையில் இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டாய். “பல்லு வலியா?” என்றார் சார்.

ஆனால் அந்த உலகக் கதை உன்னைப் பிடித்துக்கொண்டது. தேநீர் இடைவேளையில் என்னிடம் சொன்னாய்: “யோசிச்சிப் பாருடி. இதே மாசம், இதே கேள்விய பிரேசில்ல ஒருத்தி கேட்டுக்கிட்டு நிப்பா. அவளையும் நாய் தொரத்தும்.”

நாய்கள் உன்னைத் துரத்தியதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு அதட்டல் போடுவாய், வாலை மடக்கிக்கொண்டு ஒதுங்கும். உன்னைத் துரத்தியது வாத்து. நல்ல பெரிய வெள்ளை வாத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு வருமே, அது. அலோர் காஜாவுக்கு வெளியே ஒரு மலாய்க் கிராமத்தில், நீ பதில் பதியக் கம்பெனி கொடுத்த டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதையும், வீட்டுக்காரர் படியில் நின்று “வேகமா ஓடாதீங்க, அதுக்கு அது புடிக்கும்” என்று மலாயில் கத்தியதையும் நான் மறக்க மாட்டேன். மூச்சு வாங்க நின்று, “இந்த வீட்ட என்னான்னு போடறது? பதிலளிக்க மறுத்தாருன்னா?” என்றாய்.

முதல் செம்பனைத் தோட்டத்தில், லயத்து வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்த மனிதரை நினைவிருக்கிறதா? இன்னும் பன்னிரண்டு மாதத்தில் உங்கள் குடும்ப நிலைமை எப்படி இருக்கும் என்று எழுதியிருந்தபடியே வாசித்தாய். அவர் குழாயை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்.

“அது சாமிக்குத்தான் தெரியும்மா.”

டேபில் சாமிக்குக் கட்டம் இல்லை. ‘தெரியாது’ என்பதற்கு மட்டும் ஒன்பதாம் எண் உண்டு. நான் ஒன்பது போடு என்றேன். நீ போடவில்லை. அங்கிருந்தே சாருக்குப் போன் போட்டாய். “சார், இது தெரியாதுங்கிறது இல்ல. பதில் தெரிஞ்ச ஆளு வேற எடத்துல இருக்காருன்னு அர்த்தம்.” மறுமுனையில் சார் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, “ஒன்பது” என்றார். போட்டாய். ஆனால் அன்று மாலைவரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாய்.

குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் போன்ற பெரிய சாமான் வாங்க இது நல்ல நேரமா என்ற கேள்விதான் நமக்கு எமன். கேட்ட வீட்டிலெல்லாம் நாம் அவற்றை விற்க வந்தவர்களாகிவிடுவோம். ஒரு அக்கா பாதிப் பேட்டியில் எழுந்து போய்க் அளவு நாடா கொண்டுவந்து சமையலறை மூலையை அளந்தார். “இந்த எடத்துல நிக்குமா? ஆன்சூரான் எத்தன மாசம்?” தவணை கேட்கிறார். நீ டப்பா விற்ற வாயை அடக்கிக்கொண்டு, தாடையைப் பிடித்துக்கொண்டு, கேள்வியை இரண்டாவது முறை அப்படியே வாசித்தாய்.

அப்புறம் பிறந்தநாள் விதி. வீட்டில் இருக்கும் பெரியவர்களில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது குளித்துக்கொண்டிருப்பார். முறுக்கு மீசை வைத்த ஒருவர், “எம் பொண்டாட்டிக்கு என்னா தெரியும், என்னைய கேளுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீ முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னாய்: “நீங்கதான் அருமையா சொல்லுவீங்கண்ணே. என்னா செய்யிறது, உங்க பிறந்தநாளு தள்ளிப் போயிருச்சு.” அவர் மனைவி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, நாற்பது நிமிடம் கருத்துச் சொன்னார். கணவர் நின்றுகொண்டே கேட்டார். அந்த வீட்டில் அது முதல்முறையாக இருக்கலாம்.

இரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது. பிறகுதான் புக்கிட் காத்தில் என்ற ஊர் வந்தது.

அந்தக் காலாண்டில் நமக்கு விழுந்தது அங்கே ஒரு தாமான், புதுக் குடியிருப்பு. எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள். நான் ஒரு வரிசை, நீ ஒரு வரிசை என்று பிரித்துக்கொண்டோம். மதியம் இரண்டு மணி. என் வரிசையில் பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை, திறந்தவர்கள் குளிர்பெட்டியின் விலை கேட்டார்கள். ஐந்தரை மணிக்கு நான் நான்கு வீடு முடித்துத் தள்ளாடி வந்தால், நீ முனையிலிருந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஐஸ் போட்ட செண்டோல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்.

“எத்தன?”

“பன்னெண்டு.”

“பன்னெண்டா?”

“எல்லாரும் கதவத் தொறந்து வச்சிக்கிட்டு காத்துக்கிட்டு இருக்காங்கடி. கேள்விய முடிக்கறதுக்குள்ள பதில் வருது. ஒரு சீன அங்கிள், நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னயே நாலுங்கிறாரு. எம் மூஞ்சில இன்னைக்கு என்னமோ இருக்கு போல.”

நான் உன் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் கறுத்து, வியர்வையில் பளபளத்து, வழக்கமான முகம்தான். உண்மையைச் சொல்கிறேன். அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் பொறாமை சந்தேகமாகிவிட்டது. நம் தொழிலில் அதைச் செய்கிறவர்கள் உண்டு. மரத்தடியில் உட்கார்ந்து தாங்களே பதிலைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீ அப்படிச் செய்வாயா என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம் என்று இப்போது எழுதுகிறேன். என் ஊர் பாயா ரும்புட் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்வரை நினைத்தேன்.

அடுத்த வாரம் சார் நம் இருவரையும் அலோர் காஜாவிலிருந்த அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். டயர்க் கடைக்கு மேலே, ரப்பர் வாசம் ஏறிவரும் அந்தச் சின்ன அறை. மேசைமேல் ஒரு நீளமான தாள். பன்னிரண்டு வீடுகளும் வரிசையாக அச்சிட்டிருந்தன. நாடு எப்படி, நாலு. குடும்பம், நாலு. அடுத்த வருடம், நாலு. பெரிய சாமான், நாலு. ஐந்தாவது கேள்விக்குப் பன்னிரண்டு வீட்டிலும் ஒன்பது, தெரியாது. அதற்குப் பிறகு மறுபடி வரிசையாக நாலு.

சார் கண்ணாடியைக் கழற்றினார். “உலகத்தில பன்னிரண்டு பேர் ரொட்டி சானாய் எந்தக் கடையில நல்லம் எண்டு ஒத்துக்கொள்ள மாட்டினம். இந்தப் பன்னிரண்டு பேரும் நாட்டைப் பற்றி ஒத்துக்கொள்ளுகினம். தெரியாத விசயத்திலயும் ஒத்துக்கொள்ளுகினம். கோலாலம்பூரில கொம்ப்யூட்டர் இதைப் பிடிச்சிட்டுது. பொய்ப் பேட்டி எண்டால் மலாக்காக் குழுவையே நிப்பாட்டிப்போடுவினம். உங்கள் ரெண்டு பேரையும், என்னையும் சேர்த்து.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்கள் இவவோட இருந்தனீங்களா?”

“நான் பக்கத்துல இல்ல சார்” என்றேன். “எதிர் வரிசையில இருந்தேன்.”

அது உண்மைதான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் ‘இவ அப்படிச் செய்றவ இல்ல சார்’ என்று இன்னொரு வாக்கியம் என்னிடம் இருந்தது. இரண்டு வருடம் உன்னோடு அலைந்தவளுக்கு அதைச் சொல்ல உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. இந்த வயதில் இன்னொரு வேலை எங்கே தேடுவது என்று பயம். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அறிமுகமில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, யார் திறக்கப்போகிறார்களோ என்று பார்ப்பாயே, அப்படிப் பார்த்தாய்.

“சார், நான் கேட்டேன். அவங்க சொன்னாங்க. நான் போட்டேன்” என்றாய். அவ்வளவுதான். உன் வாழ்க்கையில் நீ பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலை சார் தானே நேரில் சரிபார்க்கக் கிளம்பினார். அவருடைய பழைய காரில் நாம் இருவரும் பின்சீட்டில். எனக்கும் உனக்கும் நடுவே சாருடைய குடை. நீ பேசாமல் வந்த ஒரே பயணம்.

முதல் வீடு லெட்சுமி அக்காவுடையது. அந்த வரிசையின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். கதவைத் திறந்தவர் உன்னைப் பார்த்ததும் மலர்ந்துபோனார்.

“வாம்மா வா! மார்க்கு வந்திருச்சா?”

சார் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். போன வாரம் இந்தப் பெண் உண்மையிலேயே உங்களிடம் கேள்வி கேட்டாரா என்றார்.

“கேக்காம? அந்த வெயில்ல வந்திச்சி சார். ஒரு தண்ணிகூட வேணாங்குது. ஒவ்வொரு வீட்டுலயும் இத்தன கேள்வி கேட்டா மயக்கம் போட்டுறாது? அதான் நான் ஏற்பாடு பண்ணிட்டேன்.”

“என்ன ஏற்பாடு?”

லெட்சுமி அக்கா பெருமையோடு போனை எடுத்து நீட்டினார். அந்த வரிசை வீடுகளின் வாட்சாப் குழு. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுதியிருந்ததை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல், உரக்க வாசித்தார்.

“‘எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கேக்க ஒரு பொண்ணு வருது. நல்ல பொண்ணு. கேள்வி ரொம்ப. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா சீக்கிரம் முடியும். எல்லாத்துக்கும் நாலு சொல்லுங்க. அஞ்சு சொன்னா நம்ப மாட்டாங்க. அஞ்சாவது கேள்விக்கு மட்டும் தெரியாதுன்னு சொல்லுங்க. குக்கர் விசில் அடிச்சிருச்சி, எனக்குச் சரியா காதுல விழல.’”

கீழே மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் அதையே மலாயிலும் போட்டிருந்தார். அதற்கும் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். சீன அங்கிள் மட்டும் எழுத்தில் பதில் போட்டிருந்தார்: “ஓகே பாஸ்.”

முதலில் சத்தம் வந்தது உன்னிடமிருந்துதான். மூக்கிலிருந்து ஒரு சீறல். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாய். “குக்கரு சார்! மிச்சப் பதினோரு வீட்டுக்கும் ஒரு குக்கரு!” சாரின் தோள் குலுங்குவதை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். லெட்சுமி அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏன், நாலு தப்பா? மூணு சொல்லியிருக்கணுமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு பேட்டியும் செல்லாது, வேறு தெருவில் புதிதாகச் செய்ய வேண்டும் என்று சார் முடிவு சொன்னார். கிளம்பலாம் என்று எழுந்தார். நீ எழவில்லை. டேபைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, அக்கா கொண்டுவந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாய்.

“சரிக்கா. நெசமா எப்படி இருக்கு?”

அக்கா வாசலைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். குரல் இறங்கியது. “என்னாத்த சொல்றது. அவருக்கு பேக்டரில ஓவர்டைம நிறுத்திட்டாங்க. பாசாருக்குப் போனா ரெண்டு கோழி வாங்குவேன், இப்ப ஒண்ணு. மவன் சிங்கப்பூருக்குப் போறேங்கிறான். போனா வருவானான்னு தெரியல.”

“அப்புறம் ஏங்க்கா நாலுன்னு சொன்னீங்க?”

“வீடு தேடி வந்தவங்ககிட்ட கஷ்டத்தையா சொல்றது?” என்றார் அக்கா. கேட்டதே தவறு என்பதுபோல.

ஜெயரத்தினம் சார் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அக்கா பேசப் பேசத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் போட்ட சட்டத்தை அவரே மீறியதை நீ எனக்குக் கண்ணால் காட்டினாய். அந்த வாரத்தில் நீ என்னைப் பார்த்துச் சாதாரணமாக முகம் காட்டியது அப்போதுதான்.

திரும்பும்போது நாம் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டோம். அதே ஒட்டுக்கடை. நீ இரண்டு செண்டோல் சொன்னாய். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்ததும் அழுதுவிட்டேன். கடைக்காரர் பயந்துபோய்ச் சீனி குறைவா என்று கேட்டார்.

நீ டேபை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். குரலைச் சாரைப் போல வைத்துக்கொண்டு, விரலால் உன்னையே காட்டினாய். “கேள்வி. இவங்க மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? ஒண்ணுலேந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்கோ.”

“அஞ்சு.”

“பொய் சொல்றீங்கோ. போன வாரம்?”

“மூணு” என்றேன்.

நீ தலையாட்டவில்லை. முகத்தில் எதையும் காட்டவில்லை. முறைப்படி காத்திருந்தாய்.

“ரெண்டு” என்றேன்.

“அப்பா, இப்பத்தான் நெசம் வருது. ரெண்டுன்னு போட்டுக்கிறேன். சாப்பிடு, ஐஸு கரையுது.” அப்புறம் உன் சொந்தக் குரலில் சொன்னாய்: “நானா இருந்தாலும் சார்கிட்ட அதான்டி சொல்லியிருப்பேன்.” நீ சொல்லியிருக்க மாட்டாய். எனக்குத் தெரியும். வீடு தேடி வந்த என்னிடம் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது என்று நினைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு ஐந்து காலாண்டு ஓடியது நமக்கு. ஆறாவதில் உன் வயிற்றுவலி வந்தது. புட்டி புட்டியாக ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டி பெரிதாகியிருந்தது.

வார்டிலும் நீ சும்மா இருக்கவில்லை. எட்டுப் பெண்கள் இருந்த அறையில் காலைக் கஞ்சியைப் பற்றிக் கருத்துக் கேட்டு முடித்திருந்தாய். ஏழு பேர் மோசம், ஒருத்தி அதைச் சாப்பிடவே முடியாத நிலையில் இருந்தாள், அவளை ஒன்பதில் போட்டிருந்தாய். நான் வந்த அன்று ஒரு புது மிஸ்ஸி, நர்ஸ் உடையில் சின்னப் பெண், தாளோடு உன் கட்டிலுக்கு வந்தாள். வலி எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் ஆண்ட்டி என்றாள்.

“மிஸ்ஸி, கேக்கும்போது மூஞ்சிய இப்படிப் பாவமா வெக்கக் கூடாது. பதில் மாறிப் போயிரும்.”

அவள் பாவம், முகத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடி கேட்டாள்.

“ஆங், இப்ப கரெக்ட்டு. மூணு.”

எழுதிக்கொண்டு போனாள். நான் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நீ கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து நீயாகவே சொன்னாய்.

“ஒம்பது.”

“அப்புறம் ஏன்டி மூணுன்ன?”

“அந்தப் பொண்ணுக்கு இன்னிக்குத்தான் மொத நாளு வேல. மொத ஆளே ஒம்பதுன்னா பயந்துக்காதா?”

நான் எழுந்து கவுண்டருக்குப் போனேன். “கட்டில் ஆறு. மூணு இல்ல, ஒம்பது” என்றேன். வந்து ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரம் தூங்கினாய். விழித்ததும் என்னைத் திட்டினாய். “வீட்டுக்காரங்க சொன்னத வெளிய சொல்லிட்டல்ல? பதிலு ரகசியம்னு பயிற்சில படிச்சிட்டு வந்தோமே, என்னா ஆச்சு? இரு, சார்கிட்ட சொல்றேன்.” மறுநாள் சார் வந்தபோது சொல்லவும் செய்தாய். அவர் என்னைப் பார்த்து, கடமை தவறியதற்குக் கண்டிப்பதுபோல விரலை ஆட்டினார். அப்புறம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அதற்கு அடுத்த வாரம் நீ போய்விட்டாய்.

நான் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். புதிதாக ஒரு துணையைத் தருகிறேன் என்றார் சார். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். கேள்விகளை எழுதியிருக்கிறபடியே வாசிக்கிறேன். தலையாட்டுவதில்லை. ஆனால் கடைசிக் கேள்வி முடிந்து டேபைப் பைக்குள் போட்ட பிறகு நான் எழுவதில்லை. தண்ணீர் கொடுத்தால் மெதுவாகக் குடிக்கிறேன். இந்தப் பழக்கம் எனக்கு உன்னிடமிருந்து வந்தது. தினம் இரண்டு வீடு குறைவாக முடிகிறது. சார் ஒன்றும் சொல்வதில்லை.

போன வாரம் அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டத்தில், லோரி ஓட்டி ஓய்ந்த ஒருவர் வீடு. தனியாக இருக்கிறார். எல்லாவற்றுக்கும் நாலு என்றார். நாடு, குடும்பம், அடுத்த வருடம், எல்லாம் நாலு. பையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் போட்டுக்கொடுத்த தேநீரில் சீனி இரண்டு மடங்கு. அவர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“நாலுன்னு சொன்னேன்ல,” என்றார். “அதுல ரெண்டுதான் என்னோடது. மிச்ச ரெண்டு எஞ் சம்சாரத்தோடது. போன வருசம் போயிட்டா. யாரு வந்து கேட்டாலும் அவ நல்லாத்தான் சொல்லுவா. இப்ப நான் கொறச்சிச் சொன்னா நல்லா இருக்காதுல்ல?”

இல்லண்ணே, நல்லா இருக்காது என்றேன். தலையாட்டினேன். பேட்டிதான் முடிந்துவிட்டதே. அந்தத் தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அவர் சொன்னதைப் போட டேபில் கட்டம் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.